கல்லுப்பில் உப்பு இல்லை

சில மாதங்களுக்கு முன்னால் மரக்காணம் உப்பளம் பற்றி எழுதிய குறிப்பில் ஒரு எண் கொடுத்திருந்தேன். சங்கப் பாடல்களில் 'உப்பு' எத்தனை வரிகளில் வருகிறது என்ற எண். அது தப்பு. ஒன்றிரண்டு கூடக்குறைய இல்லை, நல்லாவே தப்பு. அந்த வரியை எடுத்துவிட்டேன். யாராவது அதை எங்காவது பயன்படுத்தியிருந்தால் தயவுசெய்து நீங்களும் எடுத்துவிடுங்கள்.

கண்டுபிடித்தது நான் இல்லை. என் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "தம்பி, புறநானூறு 116 உங்க பட்டியல்ல காணோமே?"

116 கபிலர் பாட்டு. பாரி இறந்து, பறம்பு மலை கைவிட்டுப் போனபின், அவன் மகளிர் ஒரு குப்பை மேட்டில் ஏறி நின்று, வழியே போகிற உமணர்களின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பகை வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். உப்பைப் பற்றிச் சங்கப் பாட்டில் ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் இதைத்தான் எடுப்பார்கள். உப்பு வண்டியை எண்ணுகிற பாட்டு. உப்பை எண்ணப் போன நான் அதையே விட்டிருக்கிறேன்.

எப்படி விட்டேன் என்று பார்க்கப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. என் சோம்பல் ஒரு காரணம், சரி. ஆனால் நான் ரொம்ப விரும்பிப் பயன்படுத்துகிற ஒரு வசதிக்கும் இதில் பங்கு இருக்கிறது. கோப்பைத் தரவுத்தளத்துக்குள் ஏற்றாமல், கோப்பு இருக்கிற இடத்திலேயே, இருக்கிறபடியே கொயரி போட்டுக் கேட்கிற வசதி.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பழைய முறையில் தரவுத்தளத்திடம் எதையாவது கேட்கணும்னா முதலில் அட்டவணை ஒன்றை வரையறுக்கணும். இது தேதி, இது முழு எண், இது எழுத்து என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சொல்லணும். பிறகு கோப்பில் உள்ளதை அதற்குள் ஏற்றணும். ஏதாவது பொருந்தவில்லை என்றால் ஏற்றும்போதே இடிக்கும். திட்டிக்கொண்டே கோப்பைத் திறந்து பார்ப்போம், சரி செய்வோம், மறுபடி ஏற்றுவோம். இதிலேயே அரை நாள் போகும். கேள்வி கேட்கவே ஆரம்பித்திருக்க மாட்டோம்.

இந்த அரை நாளைக் காப்பாற்ற ரொம்ப காலமாகவே முயற்சி நடக்கிறது. ஆரக்கிள் 9ஐ-யில், 2001 வாக்கில், வெளி அட்டவணை வந்தது. கோப்பு வெளியே கிடக்கும், தரவுத்தளம் அதை அட்டவணை மாதிரி பார்க்கும். போஸ்ட்கிரெஸ் 2011-ல், 9.1 பதிப்பில், இதையே வேறு வழியில் கொடுத்தது. மைஎஸ்கியூஎல்-இல் லோட்_ஃபைல் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளடக்கம் அப்படியே வரும். அதைப் பற்றி எனக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது: கோப்பு இல்லையா, நல் வரும், படிக்க அனுமதி இல்லையா, நல் வரும், கோப்பு அளவுக்கு மீறிப் பெரிதா, அப்பவும் நல்தான். 'இல்லை', 'விடமாட்டேன்', 'முடியாது' மூன்றுக்கும் ஒரே மௌனம். தளத்தை உடைக்க வருகிறவர்கள் கடவுச்சொல் கோப்பை எட்டிப் பார்க்க இதைப் பயன்படுத்தியதால் பின்னால் ஆயிரம் பூட்டுப் போட்டார்கள். அது தனிக் கதை.

இந்த வரிசையில் நான் மதிக்கிற ஒரு ஆய்வுக்கட்டுரை 2012-ல் சிக்மாட் மாநாட்டில் வந்த 'நோடிபி'. சுவிட்சர்லாந்து லோசான் நகரத்து ஈபிஎஃப்எல் நிறுவனத்தில் அனஸ்தாசியா ஐலமாக்கியின் குழு செய்தது. முதல் பெயர் அலாஜியானிஸ். அவர்கள் வாதம் எளிமையானது. தரவு பெருத்துக்கொண்டே போகிறது, ஏற்றுகிற நேரமும் பெருக்கிறது, ஏற்றியதில் பெரும்பகுதியை யாரும் கேட்கப் போவதே இல்லை. அப்புறம் எதுக்கு ஏற்றணும்? கோப்பிலேயே கேள்வி கேள். முதல் கேள்விக்குக் கோப்பு முழுக்க ஓடும். அப்படி ஓடும்போது எந்தத் தகவல் எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு வழிக்குறிப்பு எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த கேள்விக்கு அந்தக் குறிப்பைப் பிடித்து நேராகப் போகும். கேட்கக் கேட்க வேகம் கூடும். நல்ல யோசனை.

ஒரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைக்க வழி செய்த முனைவர் கல்யாணசுந்தரம் வேதியியலாளராக வேலை பார்த்ததும் அதே ஈபிஎஃப்எல்-இல்தான். நான் கேள்வி கேட்ட கோப்புகளும், கேட்ட விதத்துக்கான யோசனையும் ஒரே வளாகத்திலிருந்து வந்திருக்கின்றன. எந்த முடிவுக்கும் இதை ஆதாரமாக வைக்கப் போவதில்லை, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது என் கையில் இருப்பது டக்டிபி. ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் ஹானஸ் முலைசனும் மார்க் ராஸ்வெல்ட்டும் உருவாக்கி 2019-ல் வெளிவந்தது. மடிக்கணினியில் ஒரே ஒரு நிரல், சர்வர் கிர்வர் எதுவும் கிடையாது. அதில் ரீட்_டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கோப்புறையைக் காட்டினால் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரிசையாக வந்து நிற்கும்: பெயர், உள்ளடக்கம், அளவு, கடைசியாக மாற்றிய நேரம். உள்ளடக்கத்தை வரி வரியாக உடைத்து, '%உப்பு%' என்று லைக் போட்டு, எண்ணு என்றால் எண்ணித் தரும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு மொத்தமும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. எண் வந்தது. எழுதிவிட்டேன்.

முதல் ஓட்டை, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. மதுரைத் திட்டக் கோப்புகளில் தலைப்பிலும் அடியிலும் யார் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள், எப்போது ஏற்றினார்கள் என்ற குறிப்புகள் இருக்கும். பாடலுக்குப் பக்கத்தில் ஐந்து வரிக்கு ஒரு தரம் வரி எண் இருக்கும். இதெல்லாம் என் கணக்கில் 'வரி'. உழைத்தவர்கள் பெயரைச் சங்கப் பாட்டாக எண்ணியிருக்கிறேன். ஒரு விதத்தில் நியாயம்தான், ஆனால் கணக்கு தப்பு.

இரண்டாவது, பெரிய ஓட்டை. அதற்கு மளிகைக் கடை வரைக்கும் போனாலே போதும். கல்லுப்பு. இந்தச் சொல்லில் 'உப்பு' என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. கல் + உப்பு சேரும்போது உகரம் லகரத்தோடு ஒட்டி 'லு' ஆகிவிடுகிறது. யூனிகோடில் தனி 'உ' ஒரு குறி, 'லு'வில் இருக்கிற உகரக் கொம்பு வேறொரு குறி. கணினிக்கு இரண்டும் வேறு வேறு எண்கள், சொந்தமே கிடையாது. தூளுப்பும் அப்படித்தான், இந்துப்பும் அப்படித்தான். அது முன்பக்கம். பின்பக்கத்திலும் அதே கதை: உப்பு + ஐ 'உப்பை' ஆனதும் கடைசி உகரம் போயிற்று. 116-இல் உமணர்கள் உப்பைக் கொண்டு போகிறார்கள். உப்பு, ஒய் இரண்டும் சேர்ந்து 'உப்பொய்' ஆகி நிற்கிறது. 'ப்பு' இருந்த இடத்தில் 'ப்பொ'. லைக் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சரி, சல்லடையைத் தளர்த்தலாம் என்று 'உ'வோ உகரக் கொம்போ வந்து, அதன் பின்னால் 'ப்ப' வந்தால் பிடி என்று மாற்றினேன். 116 வந்தது! ஒரு நிமிஷம் சந்தோஷம். அப்புறம் பார்த்தால் அது இரண்டு இடத்தில் மாட்டியிருந்தது. ஒன்று உப்பு. இன்னொன்று அந்தப் பெண்கள் ஏறி நின்ற குப்பை.

எழுத்தை எண்ணுவதிலேயே சிக்கல் இருக்கிறது. 'உப்பு' எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். டக்டிபியிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். பைட்டாகக் கேட்டால் 15. நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ண லெங்த்_கிராஃபீம் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, அது மட்டும்தான் 3 என்கிறது. மூன்றுமே சரியான விடைகள்தான், எதைக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்கணும். அதே மாதிரி 'கொ'வை ஒரே ஒகரக் குறியோடும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இதை என்எஃப்சி நார்மலைஸ் சரி செய்துவிடும். ஆனால் 'ஔ'வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது தட்டியிருந்தால் அதை எந்த நார்மலைஸும் தொடாது. அது கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கணும்.

ஒரு விஷயத்தில் ரீட்_டெக்ஸ்டைப் பாராட்டியே ஆகணும். 2001-ல் திண்டிவனத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஃபிளாப்பியில் இறக்கிய திஸ்கிக் கோப்புகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியேற்றம். அதையும் அதே கோப்புறையில் போட்டிருந்தேன். ரீட்_டெக்ஸ்ட் நின்றுவிட்டது: இது முறையான யுடிஎஃப்-8 இல்லை, வேண்டுமானால் ரீட்_பிளாப் போட்டு வெறும் பைட்டாகப் படித்துக்கொள் என்றது. அன்றைக்கு எரிச்சல் வந்தது. இப்போது யோசித்தால் அந்த முழு வேலையிலும் என்னைக் கோப்பைத் திறந்து பார்க்க வைத்தது அந்த ஒரு பிழைச்செய்திதான். திறந்து பார்த்தபோதுதான் திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணில் படுகிற வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருப்பது ஞாபகம் வந்தது.

இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது ரீட்_சிஎஸ்வி. அது எதற்கும் நிற்காது, ஊகித்துக்கொள்ளும். அது என்னை மாட்டிவிட்டது குடும்பத்துக்குள்.

என் மாமா மரக்காணத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு வாருகிறவர். தினமும் ஒரு நோட்டில் எழுதுவார்: தேதி, எத்தனை மூட்டை, எத்தனை ஆள், கூலி. மூன்று சீசன் கணக்கை அவர் பெண் எக்செலில் தட்டி எனக்கு சிஎஸ்வியாக அனுப்பினாள். நான் ஏற்றவெல்லாம் இல்லை, நேரா கொயரி. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மூட்டை? விடை: 'மழ'.

மழை பெய்த நாட்களில் மூட்டை எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தில் மாமா 'மழ' என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ரீட்_சிஎஸ்வி மொத்த நெடுவரிசையையும் எழுத்து என்று முடிவு செய்துவிட்டது. எழுத்து வரிசையில் எண்களுக்குப் பின்னால்தான் தமிழ் வரும், ஆகவே மிகப் பெரியது 'மழ'. சிரித்துவிட்டு அந்த வரிசைகளை வடிகட்டினேன். 98 வந்தது. மாமாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"யாரு மாப்ள சொன்னது? நூத்துக்கு மேல வாரின நாளெல்லாம் இருக்கே."

இருந்தது. 112 இருந்தது. ஆனால் நெடுவரிசை இன்னும் எழுத்தாகவேதான் இருந்தது, எழுத்தாகப் பார்த்தால் 9-இல் தொடங்குவது 1-இல் தொடங்குவதை விடப் பெரியது. விடையின் தலைப்பில் 'வார்ச்சார்' என்று சின்னதாகப் போட்டிருந்தது. பார்க்காதது என் தப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டக்டிபி வகையை ஊகிக்க முதல் 20,480 வரிசைகளைத்தான் பார்க்கிறது. மாமாவின் நோட்டு லட்சம் வரிசை இருந்து, 'மழ' கடைசியில் வந்திருந்தால் நெடுவரிசையை எண் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் இடித்து நின்றிருக்கும். நோட்டு சின்னதாக இருந்ததால் முழுக்கப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. பெரிய கோப்பு என்னை நிறுத்தியிருக்கும், சின்னக் கோப்பு ஏமாற்றியது.

அடுத்து எண்ணாக மாற்ற முடிந்ததை மாற்று, முடியாததை நல் ஆக்கு என்று டிரை_காஸ்ட் போட்டேன். சராசரியும் எடுத்தேன். அதைக் கேட்டதும் மாமா இன்னும் சத்தமாகச் சிரித்தார். நல் ஆனவற்றைச் சராசரி கணக்கில் சேர்க்காது. மழை நாளெல்லாம் காணாமல் போய்விட்டது. உப்பளத்தில் மழை நாள் என்பது விட்டுப்போன தகவல் இல்லை. ஒரு கோடை மழை வந்தால் பாத்தியில் விளைந்தது கரையும், தண்ணி நீர்த்துப்போகும், மறுபடி சூடேறி உப்பு கட்டப் பல நாள் ஆகும். 'மழ'வுக்கு அடுத்து வருகிற சுழியங்களெல்லாம் அந்தச் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. இந்த வருஷம் குத்தகையைத் தொடரலாமா என்று யோசித்துத்தான் அவர் அந்தக் கணக்கையே கேட்டிருந்தார். மழை இல்லாத மரக்காணத்தின் சராசரியை நான் கொடுத்திருந்தேன்.

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, கழித் தண்ணியை நேரா கடைசிப் பாத்தியிலேயே விட்டால் என்ன என்று கேட்டேன். உப்பு வரும், ஆனா கசக்கும் என்றார். முதலில் தேக்கி, அடுத்த பாத்திகளில் சுண்டவிட்டு, ஜிப்சம் அங்கேயே படிந்த பிறகு, 25 டிகிரி வாக்கில் வருகிற தண்ணியைத்தான் கடைசிப் பாத்தியில் கட்டுகிறார்கள். 30-ஐ நெருங்கினால் மிச்சக் கசப்புத் தண்ணியை வடித்துவிடணும், இல்லையென்றால் மக்னீசிய உப்பும் சேர்ந்து வரும். நான் 'ரா டேட்டா' என்று சொல்கிறபோதெல்லாம் எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நோடிபி கட்டுரைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் என் விமர்சனம் அதன் மேல் இல்லை. அந்தக் கட்டுரையில் கோப்பை ஏற்றத் தேவையில்லைதான், ஆனால் அட்டவணையின் அமைப்பைப் பயனர் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்: இது எண், இது தேதி என்று. அவர்கள் நீக்கியது நகலெடுக்கிற வேலையை. பின்னால் வந்த கருவிகள் அறிவிக்கிற வேலையையும் சேர்த்து நீக்கிவிட்டன, அதைப் பெரிய வசதி என்று விற்கின்றன. ஏற்றுகிற வேலையில் இரண்டு இருந்தது. பைட்டை இங்கிருந்து அங்கே மாற்றுவது ஒன்று, அது வெட்டி வேலை. இந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு மனிதன் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே அரை நாளில் நடந்ததால் இரண்டையும் ஒரே செலவாக எழுதிவிட்டோம்.

தமிழில் இந்த இரண்டாவது வேலையை யார் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது அவர் முன்னால் இருந்த ஏடுகளில் மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. 1960களின் கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சங்க இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவரத் தொடங்கியது. கணினி இல்லாமல், சொல் சொல்லாகப் பிரித்து. நம் காலத்தில் ப. பாண்டியராஜா தொடரடைவு செய்து இணையத்திலேயே வைத்திருக்கிறார். என் மடிக்கணினி ஒரு நொடியில் கொடுத்த எண்ணை அங்கே போய் ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

சொல்லைப் பிரித்தாலும் தீராத இடம் ஒன்று இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை எங்கள் ஊர்ப் பாட்டு. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். மரக்காணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அதில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டில், கொற்கையைச் சொல்கிற பகுதியில், உமணர் வண்டிகளோடு வந்த ஒரு மந்தி, முத்தைக் கிளிஞ்சலுக்குள் போட்டு, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. உப்பு வண்டிக் காட்சிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அந்த இடத்தில் 'உப்பு' என்ற சொல்லே இல்லை. உமணர் என்றால் யார் என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அங்கே உப்பு இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், டக்டிபியை விடவில்லை. முதல் பார்வைக்கு அதை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சிஎஸ்வி என்றால் எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகவே படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்னிஃப்_சிஎஸ்வி என்று ஒன்று இருக்கிறது, அது என்ன ஊகித்தது என்பதைத் தனியாகக் காட்டும், அதையும் ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு அட்டவணை வரையறுத்து ஏற்றுகிறேன், பழையபடி, திட்டிக்கொண்டே. மாமா கணக்கில் 'மழ'வுக்குத் தனி நெடுவரிசை கொடுத்தாயிற்று. புதுச் சராசரியைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். குத்தகையை இந்த வருஷம் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

உப்பு எண்ணிக்கையை இன்னும் திரும்பப் போடவில்லை. பாட்டு பாட்டாகச் சொல்லடைவோடு ஒப்பிட்டு வருகிறேன், புறநானூறு பாதி ஆகியிருக்கிறது. 116-இல் அந்தத் தளர்ந்த சல்லடை இன்னமும் இரண்டு இடத்தில் மாட்டுகிறது. குப்பையைக் கையால்தான் எடுத்துப் போடுகிறேன்.